ஆங்கிலப் பட்டியலில் கமா: வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘அண்ட்’ வந்தால் கமா கூடாது என்று பள்ளியில் படித்தேன். என் அமெரிக்க மேலாளர் ‘ரைஸ், டால், அண்ட் ஆயில்’ என்று எழுதுகிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். அந்தக் கடைசிக் கமாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கமா என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழக்கம் அது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் நாளிதழ்கள் பொதுவாக அதைப் போடுவதில்லை. அமெரிக்கப் பதிப்பாளர்கள் நம்பும் சிகாகோ கையேடு போடச் சொல்கிறது. ஏபி செய்தி நிறுவனத்தின் கையேடோ எளிய பட்டியலுக்கு வேண்டாம் என்கிறது. மேலாளர் போடுகிறாரா, நீங்களும் போட்டுவிடுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: போட்டாலும் விட்டாலும் என்ன ஆகிவிடப் போகிறது?

பதில்: அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்துக்கு 50 லட்சம் டாலர் போனது. ஓவர்டைம் சம்பளம் தரத் தேவையில்லாத வேலைகளை அந்த மாநிலச் சட்டம் வரிசையாகச் சொல்லி, ‘ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடித்திருந்தது. ‘ஷிப்மென்ட்’டுக்குப் பிறகு கமா இல்லை. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரியின் ஓட்டுநர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘கடைசியில் இருப்பது பேக்கிங் என்ற ஒரே வேலை, அனுப்பவோ விநியோகிக்கவோ செய்யும் பேக்கிங். நாங்கள் பேக் செய்வதில்லை, விநியோகம்தான் செய்கிறோம். அதனால் எங்களுக்கு ஓவர்டைம் உண்டு’ என்பது அவர்கள் வாதம். விநியோகம் தனி வேலை என்றது நிறுவனம். வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பணம் கொடுத்துச் சமரசம் ஆனது. கடைசிக் கமா போடாதீர்கள் என்று சொன்னதே அந்த மாநிலத்தின் சட்டம் எழுதும் கையேடுதான்! பிறகு அந்த வரியைச் செமிகோலன் (;) வைத்துத் திருத்தினார்கள்.

கேள்வி: அப்படியானால் எப்போதும் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. ‘மை சிஸ்டர்ஸ், கலா அண்ட் மாலா’ என்றால் அக்காமார் பெயரே கலா, மாலா என்று படலாம். அங்கே கமா உதவும். ஆனால் ‘மை சிஸ்டர், கலா, அண்ட் மாலா’ என்றால் அக்கா பெயர் கலாவா, கலா வேறு ஆளா? இங்கே குழப்புவதே கமாதான். ‘கலா, மாலா அண்ட் மை சிஸ்டர்’ என்று வரிசையை மாற்றிவிடுங்கள். கமாவோடு மல்லுக்கட்டுவதைவிட இது சுலபம்.

கேள்வி: ‘பிக் ரெட் பஸ்’ஸில் கமா உண்டா?

பதில்: கிடையாது. நடுவே ‘அண்ட்’ போட்டும், இடம் மாற்றியும் சொல்லிப் பாருங்கள். ‘லாங், டயரிங் ஜர்னி’ இரண்டுக்கும் ஒத்துவரும், அதனால் கமா. ‘ரெட் பிக் பஸ்’ காதில் உறுத்துகிறது அல்லவா?

கேள்வி: ஊரும் மாநிலமுமாகப் பட்டியல் போட்டால் எல்லாம் கமாவாகவே இருக்கிறதே?

பதில்: ஊருக்கும் மாநிலத்துக்கும் நடுவே கமா, அடுத்த ஊருக்கு முன் செமிகோலன்: ‘மதுரை, தமிழ்நாடு; கொச்சி, கேரளா; அண்ட் மைசூர், கர்நாடகா’.

கேள்வி: ‘சச் ஆஸ்’ஸுக்குப் பிறகு கமா?

பதில்: வேண்டாம். ‘த ஐட்டம்ஸ் ஆர்’ என்ற பிறகும் வேண்டாம். நம் ஆட்கள் அங்கே மூச்சு விடுவதால் கமாவும் விழுந்துவிடுகிறது.