பூத்த கொத்தமல்லிக்கு டானிக் எதற்கு?

கேள்வி: ஐயா, பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கலில் கால் ஏக்கரில் கீரை போடுகிறேன். மார்ச் முதல் வாரம் விதைத்த கொத்தமல்லி சாண் உயரம்கூட வளரவில்லை. அதற்குள் பூத்துக் காயும் பிடித்துவிட்டது. காயைக் கசக்கினால் மூட்டைப்பூச்சி நாற்றம். விதை தந்தவர் மூட்டையிலிருந்து அளந்து கொடுத்தார், நல்ல பருத்த விதை. இப்போது, “அது சீமை விதை, அடுத்த முறை நாட்டு விதை தருகிறேன், இதற்கு டானிக் அடியுங்கள்” என்கிறார். அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள் தம்பி. பூத்த மல்லியை மறுபடி இலைக்குத் திருப்பும் டானிக் எந்தக் குப்பியிலும் இல்லை. பூந்தண்டு விடாத செடிகள் இருந்தால் இன்று மாலையே பிடுங்கிக் கட்டுங்கள். மற்றதை உழுதுவிடுங்கள்.

நாற்றம் நோயல்ல, பச்சைக் காயின் குணம். முற்றிக் காய்ந்தால் போய்விடும். மல்லிக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரே மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் ‘கோரிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

‘நாட்டு விதை’ என்பதுதான் வேடிக்கை. மல்லியே மத்தியதரைக்கடல், மேற்கு ஆசியப் பக்கத்திலிருந்து வந்த செடி. எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையில் இதன் விதை கிடைத்தது. சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி இதைக் குஸ்தும்புரு என்கிறார். அவ்வளவு காலமாக நம்மோடு இருக்கிறது. உங்கள் கடைக்காரர் எந்த நாட்டைச் சொல்கிறார்?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, “விதைத்தது கொத்தமல்லியா, தனியாவா?” என்றுதான். செடி ஒன்றே, ஆனால் ரகம் வேறு. குழம்புக்கு வறுக்கும் பருத்த தனியா, சீக்கிரம் பூத்துக் காய்க்கும் ரகங்களில் விளைவது. அதை மார்ச் வெயிலில் விதைத்தால் இலைக்கு நேரம் ஏது? உங்களுக்கு மளிகை மூட்டையைத்தான் விதை என்று அளந்து தந்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு டானிக் விலை வேறு!

இலைக்கென்றே ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா இஷா ரகம் இருக்கிறது. பல முறை அறுக்கலாம். ஒரு முறை அதை வாங்குங்கள். பிறகு விதையை நீங்களே எடுங்கள், கடைப்படி ஏறாதீர்கள். இதை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சலித்துவிட்டேன். பாத்தியில் முதலில் தண்டு விடும் செடிகளை மொட்டு விரியும் முன்பே பிடுங்கி எறியுங்கள். விட்டால் தேனீ அதன் மகரந்தத்தை எல்லாவற்றுக்கும் பரப்பிவிடும். கடைசியாகப் பூக்கும் இருபது முப்பது செடிகளில் மட்டும் விதை எடுங்கள். பெரும்பாலோர் முதலில் காய்ந்ததைத்தான் ஆசையாக உதிர்த்து வைக்கிறார்கள். வருடா வருடம் அவசரக்காரச் செடியையே வளர்க்கிறார்கள்.

கோடையில் போட்டே ஆகவேண்டுமென்றால் நிழல்வலைக்குக் கீழே, பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக. ஓர் உருண்டைக்குள் இரண்டு விதை உண்டு. விதைக்கும் முன் சாக்கில் பரப்பிப் பழைய செருப்பால் மெல்லத் தேய்த்தால் சரிபாதியாகப் பிளக்கும். அழுத்தித் தேய்த்துத் தூளாக்கினால் அதை ரசத்தில்தான் போடவேண்டும்.