பரபக்கம் படிக்கும் முறை

அன்புள்ள ஐயா,

எதிர்த்தரப்பை அதன் சொந்தச் சொற்களிலேயே படிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததை நம்பி, சைவக் குடும்பத்தில் பிறந்த நான் மூன்று வாரங்களாகக் கைபேசியில் கடவுள் மறுப்பாளர்களின் பதிவுகளையும், நான் வாக்களிக்காத கட்சியினரின் காணொளிகளையும் பார்த்து வந்தேன். மிஞ்சியது எரிச்சல்தான். அவர்கள் தவறாக நினைக்கிறார்கள் என்று முன்பு எண்ணியிருந்தேன். இப்போது அவர்கள் கெட்டவர்கள் என்றே எண்ணத் தொடங்கிவிட்டேன். போதாததற்கு, என் மைத்துனர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'மச்சான் கட்சி மாறிவிட்டார்' என்று எழுதிவிட்டார். இதற்குப் படிக்காமலே இருந்திருக்கலாமே?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் அனுபவத்துக்கு ஆய்வுச் சான்றே உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கிறிஸ் பெய்லும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ட்விட்டர் பயன்படுத்துவோரை ஒரு மாதம், எதிர்த்தரப்புத் தலைவர்களும் கருத்தாளர்களும் எழுதியவற்றை எடுத்துப் பகிரும் தானியங்கிக் கணக்கு ஒன்றைப் பின்தொடரச் செய்தார்கள். மாத முடிவில் குடியரசுக் கட்சிச் சார்பினர் தம் நிலைப்பாட்டில் முன்னைவிட இறுகியிருந்தார்கள்; ஜனநாயகக் கட்சிச் சார்பினரிடம் தென்பட்ட மாற்றம் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. படியுங்கள் என்று சொன்ன நான், எதைப் படிப்பது என்று சொல்லாமல் விட்டது என் பிழை.

உங்கள் வீட்டு அலமாரியிலேயே இதற்கு ஒரு முறை இருக்கக்கூடும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில், தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு முன்னால், பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கம் நிற்கிறது. கண்ணால் காண்பதே மெய் என்னும் உலகாயதர் தொடங்கி, வைணவப் பிரிவினரான பாஞ்சராத்திரிகள் வரை 14 தரப்பினரின் கொள்கையை அவர் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் முதலில் அவர்கள் வாதமாகவே சொல்லிவிட்டு, அதன் பிறகே மறுக்கிறார். மறுக்கும்போது அவர் தயவு தாட்சண்யம் பார்ப்பவர் அல்லர் என்பது வேறு செய்தி. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடினால் மூன்றிலும் இல்லாத சிவப்பு பிறப்பதைப் போல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்பது உலகாயதரின் புகழ்பெற்ற வாதம். இதைப் படிக்கிற எந்தச் சைவரும் ஒரு கணமாவது நின்று யோசிப்பார். உங்கள் கைபேசிக்கு வந்தவற்றுள் இப்படி யோசிக்க வைத்தது ஒன்றாவது உண்டா? எதிர்க்கருத்து என்ற பெயரில் நம்மிடம் உலவுவதில் பெரும்பகுதி வசை; அதைப் பொறுத்துக்கொண்டு படிப்பது பரந்த மனம் ஆகாது. அவற்றைத் தாராளமாக நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எதிரியின் பேச்சாக நம்மை வந்தடைவது, பல சமயம் நம் தரப்பினரே வெட்டி எடுத்து அனுப்பிய துண்டு. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தில் இன்று கிடைப்பவை 19 பாடல்களே. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியோ முழுதாகக் கிடைக்கிறது. தோற்றவர் தரப்பை வென்றவர் வாயால் கேட்கும் அந்த நிலை அங்கே காலத்தால் வந்தது. நாமோ, முழுப் பேச்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே, அந்த நிலையை வலிய வரவழைத்துக்கொள்கிறோம்.

நானும் இதற்கு விலக்கல்லன். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்களுக்கு மட்டுமே நீலகிரிக்கு இ-பாஸ் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரையறுத்தபோது, நான் அதை முழு மனத்துடன் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். குன்னூரில் நான் வழக்கமாக வர்க்கி வாங்கும் கடைக்காரர் அந்த வரம்பை எதிர்த்து ஒரு கூட்டத்தில் கத்திய அரை நிமிடக் காணொளியை, என்னைப் போன்ற சூழல் ஆர்வலர் ஒருவர்தான் எனக்கு அனுப்பியிருந்தார். பேராசை என்று ஒரே சொல்லில் முடிவு கட்டினேன். சில நாள் கழித்து முழுப் பேச்சும் கிடைத்தது, நாற்பது நிமிடம். அதில் அவர் காட்டைப் பற்றியும் நெரிசலைப் பற்றியும் என்னைவிட விவரமாகவே பேசியிருந்தார். ஏப்ரல், மே சீசனில் ஈட்டுவதைக் கொண்டுதான் மழைக்காலத்தை ஓட்டவேண்டும் என்பதே அவர் கத்தியதற்குக் காரணம்.

உங்கள் மைத்துனருக்குக் குழுவில் பதில் எழுத வேண்டாம். நேரில் வரும்போது, நீங்கள் மறுக்கும் தரப்பின் வாதம் ஒன்றை அவரிடம் முறையாகச் சொல்லிப் பாருங்கள். கட்சி மாறினீர்களா இல்லையா என்பது அவருக்கே விளங்கும்.

அந்தக் கடைக்காரரின் வாதத்தை நான் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப்போய்க் காட்டினேன். அடுப்பிலிருந்து இழுத்த வர்க்கித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, மாவு படிந்த விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். "எல்லாம் சரிதான் சார், ஜூலை மாச வாடகையை விட்டுட்டீங்களே" என்றார். அங்கேயே அதையும் சேர்த்து எழுதினேன்.