இதயம் நின்று விழுந்தவருக்கு ஐஸ் வைத்தால் துடிப்பு திரும்புமா?

திரும்பாது. உடம்பைக் குளிர வைப்பது இதயத்துக்கான வைத்தியமே இல்லை, மூளையைக் காப்பாற்றச் செய்வது, அதுவும் இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்த பிறகு.

நான் வடசென்னையில் ஐசியூ நர்ஸ். சில வருடங்களுக்கு முன்னால் காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் கூடை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே சரிந்துவிட, மீனுக்குப் போடும் நொறுக்கின ஐஸை அள்ளி அவர் சட்டைக்குள் போட்டுக் கொண்டு வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடத்தியபோது அது உருகி மீன் வாடையோடு தரையெல்லாம் சொட்டியது. பதற்றத்தில் செய்தது, அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் அவரைப் பிழைக்க வைத்தது கூட வேலை பார்த்த ஒரு பையன். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் நெஞ்சை அழுத்தியிருக்கிறான். நெஞ்சில் கொடுத்த மூன்றாவது மின் ஷாக்கில் துடிப்பு வந்தது.

அப்புறம் நாங்களே ஐஸ் வைத்தோம்! அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பேக், மயக்க மருந்து, வென்டிலேட்டர், உடம்புச் சூடு 33 டிகிரி செல்சியஸ். ஒரு டிகிரி குறைந்தால் உடம்பின் ஆக்ஸிஜன் தேவை சுமார் 6 முதல் 8 சதவீதம் குறையும், அடிபட்ட மூளைக்கு அது ஓய்வு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அவருடைய மகள் மானிட்டரில் துடிப்பு நிமிடத்துக்கு 44 என்று பார்த்துவிட்டு, "சிஸ்டர், அப்பாவுக்கு மறுபடி நிக்கப் போகுதா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். இல்லைம்மா, குளிரில் இதயம் மெதுவாகத்தான் ஓடும், பிரஷரும் சிறுநீரும் சரியாக இருந்தால் அந்த 44-ஐ நாங்கள் தொட மாட்டோம் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

பயப்பட வேண்டியது வேறு. இசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்பின் மின்னோட்டம் எழுந்து அடங்கும் நேரம், நீளும், பொட்டாசியம் செல்லுக்குள் போய் ரத்தத்தில் குறையும். 30 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இதயம் தாறுமாறாக நடுங்க ஆரம்பிக்கலாம், அந்த நிலையில் ஷாக் கொடுத்தாலும் லேசில் பிடிக்காது. சூடேற்றும்போது அதே பொட்டாசியம் வெளியே வந்து ஏறும் என்பதால் அவசரமே கூடாது, மணிக்கு கால் டிகிரி. 33-லிருந்து 37 வர 16 மணி நேரம், அந்த ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐந்தாவது நாள் டியூபை எடுத்ததும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆனால் 33 டிகிரியால்தான் அவர் பிழைத்தார் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. 2002-ல் வந்த இரண்டு ஆய்வுகளை நம்பித்தான் உலகமே குளிர வைத்தது. 2013-ல் 33-க்கும் 36-க்கும் வித்தியாசம் இல்லை என்று வந்தது, 2021-ல் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டாலே போதும் என்கிற மாதிரி முடிவு வந்தது. இப்போது பெரும்பாலும் 37.5-ஐத் தாண்ட விடாமல் காவல் காக்கிறோம். நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே குளிர்ந்த சலைன் ஏற்றிப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. ஷாக் கொடுத்தால் சரியாகக்கூடிய தாறுமாறான நடுக்கத்தில் இதயம் இருந்தவர்களுக்குத் துடிப்பு திரும்புவதே அதில் குறைந்தது. உங்கள் கேள்விக்கு நேர் பதில் அதுதான்.

1999-ல் நார்வேயில் ஐஸுக்கடியில் சிக்கி 13.7 டிகிரி வரை போய்ப் பிழைத்த அன்னா பாகென்ஹோம் கதையை யாராவது காட்டுவார்கள். உண்மைதான், ஆனால் அவருக்கு உடம்பு முதலில் குளிர்ந்தது, அதற்கப்புறம்தான் இதயம் நின்றது. நம் ஊரில் தெருவில் விழுகிறவருக்கு அப்படி நடப்பதில்லை.

அதனால் யாராவது பேச்சுமூச்சில்லாமல் விழுந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு நெஞ்சு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்துங்கள். ஐஸ் எடுக்க ஓடுகிறவரை நிறுத்திப் பக்கத்தில் உட்கார வையுங்கள், இரண்டு நிமிடத்தில் உங்கள் கை ஓய்ந்துவிடும், அடுத்து அவர் அழுத்த வேண்டும்.