முதல் தவணை நான்காம் ஆண்டில். கழிப்பது ஏன் மூன்று ஆண்டுக்கு?

கேள்வி: கல்லூரியில் நிதி மேலாண்மை படிக்கிறேன். ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கைப் பார்த்ததும் எதைப் போடுவது என்று குழம்பிவிடுகிறேன். உதாரணமாக, நான்காம் ஆண்டு முடிவில் தொடங்கி, ஆண்டுக்கு 10,000 வீதம் ஐந்து தவணை வரும். வட்டி 10 சதவீதம். இன்றைய மதிப்பு என்ன? எனக்கு 25,892 வந்தது. விடை 28,481 என்று போட்டிருக்கிறது. எங்கே தவறினேன்? இந்தப் பாடத்தை எப்படித்தான் படிப்பது?

பதில்: உங்கள் விடையிலேயே தவறின் தடயம் இருக்கிறது. 28,481-ஐ 1.1-ஆல் வகுத்துப் பாருங்கள், 25,892 வரும். ஓர் ஆண்டு கூடுதலாகக் கழித்திருக்கிறீர்கள், அதாவது இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர 1.1-ஆல் ஒருமுறை கூடுதலாக வகுத்திருக்கிறீர்கள். ஃபார்முலா சரி, வட்டி சரி, வகுத்தலும் சரி. நிற்க வேண்டிய புள்ளி மட்டும் ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டது. நான் திருத்திய விடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் பட்டதும் இதே தவறுதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில் மதிப்பெண் இழப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

தாளில் ஒரு நீளக் கோடு போடுங்கள். இடது முனையில் 0, அது இன்று. பிறகு 1 முதல் 8 வரை புள்ளி வையுங்கள். 4, 5, 6, 7, 8 ஆகியவற்றின் கீழே 10,000 என்று எழுதுங்கள். சம இடைவெளியில் வரும் சமத் தவணைகளுக்கு ஆன்யுட்டி என்று பெயர். ஐந்து ஆண்டு, 10 சதவீதம் என்றால் அதன் காரணி 3.7908. பெருக்கினால் 37,908. இதுவரை நீங்களும் இப்படித்தான் வந்திருப்பீர்கள். இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்த 37,908 கோட்டில் எந்தப் புள்ளியில் நிற்கிறது?

நான்கில் இல்லை, மூன்றில். சாதாரண ஆன்யுட்டி ஃபார்முலா முதல் தவணையையே ஒரு முறை 1.1-ஆல் வகுத்துத்தான் கூட்டலைத் தொடங்குகிறது. அதனால் அது தரும் மதிப்பு எப்போதும் முதல் தவணைக்கு ஒரு கட்டம் முன்னால் போய் நிற்கும். மூன்றிலிருந்து பூஜ்ஜியத்துக்கு மூன்று கட்டம், 1.1-இன் மூன்றாம் அடுக்கு 1.331. 37,908-ஐ அதால் வகுத்தால் 28,481. நீங்கள் நான்காம் அடுக்கான 1.4641-ஆல் வகுத்துவிட்டீர்கள். நான்கில்தான் நிற்பேன் என்றாலும் தவறில்லை. அப்போது 37,908-ஐ 1.1-ஆல் பெருக்கி 41,699 ஆக்கிக்கொண்டு, அதன் பிறகு 1.4641-ஆல் வகுக்க வேண்டும். அதே 28,481 வரும்.

இந்த ஒரு கட்டம் பாடம் முழுக்கத் தொடர்ந்து வரும். பங்கு மதிப்பீட்டில், அடுத்த ஆண்டின் டிவிடெண்டை (பங்குக்குக் கிடைக்கும் லாபத் தொகையை) எதிர்பார்க்கும் வருவாய்க்கும் வளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுப்போம் அல்லவா? அங்கேயும் விடை, மேலே போட்ட டிவிடெண்டுக்கு ஓர் ஆண்டு முன்னால்தான் நிற்கிறது. இப்போதுதான் 5 டிவிடெண்ட் கொடுத்த பங்கு, வளர்ச்சி 4 சதவீதம், எதிர்பார்க்கும் வருவாய் 12 சதவீதம் என்றால், மேலே போட வேண்டியது 5.20. விடை 65. பழைய 5-ஐயே போட்டால் 62.50 வரும், அது தவறு. பாடம் வேறு, பெயர் வேறு. ஆனால் சறுக்கும் இடம் ஒன்றே.

நிதிப் பாடத்தின் அடிப்படையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், வெவ்வேறு தேதிகளில் நிற்கும் பணத்தைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது என்பேன். முதலில் எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவர வேண்டும். கோட்டில் வலப்பக்கம் நகர்ந்தால் பெருக்கல், இடப்பக்கம் நகர்ந்தால் வகுத்தல். கடன் தவணை, பத்திர விலை, பங்கு மதிப்பு, திட்ட முதலீடு என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனித்தனி ஃபார்முலா இருப்பதாகத் தோன்றும். அவையெல்லாம் இந்த நகர்த்தலுக்கான குறுக்கு வழிகள்தான். எந்த ஃபார்முலா என்று தேடாதீர்கள். கோட்டை வரைந்தால் ஃபார்முலா தானாகத் தெரியும்.

கால்குலேட்டரைத் தொடும் முன் உத்தேச விடை ஒன்றை ஓரத்தில் எழுதும் பழக்கம் வேண்டும். உங்கள் கணக்கில் வரப்போகும் மொத்தம் 50,000. நடுத் தவணை 6-ஆம் ஆண்டில். முழுத் தொகையும் அன்றே வருவதாக வைத்துக்கொண்டு கழித்தால் 28,224. தவணைகள் நடுப்புள்ளிக்கு இருபுறமும் சமமாகப் பரவியிருக்கும்போது உண்மையான மதிப்பு இதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும், குறையவே குறையாது. 25,892 என்று வந்தபோதே, விடைப் பக்கத்தைத் திருப்பாமல் தவறு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுக்கு போடக்கூட நேரமில்லை என்றால் 72-ஐ வட்டியால் வகுங்கள். 10 சதவீதத்தில் பணம் ஏறக்குறைய 7.2 ஆண்டில் இரட்டிக்கும். அப்படியானால் ஆறு ஆண்டு தள்ளி வரும் 50,000-இன் இன்றைய மதிப்பு 25,000-ஐ நன்றாகவே தாண்ட வேண்டும்.

அடுத்து, வட்டியும் காலமும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம், மாதம் ஒருமுறை கூட்டு வட்டி என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். காலத்தையும் மாதக் கணக்கில்தான் எண்ண வேண்டும். அப்போது உண்மையான ஆண்டு வட்டி 12.68 சதவீதம். பணவீக்கத்திலும் அப்படியே: 12 சதவீத வட்டி, 5 சதவீதப் பணவீக்கம் என்றால் பணவீக்கம் போக மிஞ்சும் உண்மை வட்டி 7 சதவீதம் என்று கழித்துவிடுகிறோம். சரியாகச் செய்தால் 1.12-ஐ 1.05-ஆல் வகுக்க வேண்டும், விடை 6.67 சதவீதம்.

திட்ட முதலீட்டுக் கணக்கில் பிரச்சினை வேறு இடத்தில் வரும். எந்தத் தொகையைக் கோட்டில் எழுதுவது என்பதே அங்கே பாதிக் கணக்கு. போன ஆண்டே செலவழித்துவிட்ட ஆய்வுச் செலவை எழுதக் கூடாது. திட்டத்தை ஏற்றாலும் விட்டாலும் அது திரும்பப் போவதில்லை. கடன் வட்டியையும் செலவாகக் கழிக்கக் கூடாது. இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப் பயன்படுத்தும் கழிவு வீதத்திலேயே அது அடங்கியிருக்கிறது, கழித்தால் இருமுறை கழித்ததாகிவிடும். தேய்மானத்தில் பணம் கையைவிட்டுப் போவதில்லை. ஆனால் அது வரியைக் குறைக்கிறது. அந்த மிச்சத்தை மட்டும் வரவாக எழுதுங்கள்.

ஐஆர்ஆர் (வரவின் இன்றைய மதிப்பை முதலீட்டுக்குச் சமமாக்கும் வட்டி வீதம்) பெரிதாக இருக்கும் திட்டமே சிறந்தது என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். 1,000 போட்டு ஓர் ஆண்டில் 1,500 தரும் திட்டத்தின் ஐஆர்ஆர் 50 சதவீதம். 10,000 போட்டு 13,000 தருவதற்கு 30 சதவீதம். கழிவு வீதம் 10 சதவீதம் என்றால் முதலாவதின் நிகர நிகழ்கால மதிப்பு (வரவின் இன்றைய மதிப்பில் முதலீடு போக மிஞ்சுவது) 364, இரண்டாவதற்கு 1,818. ஒன்றைத்தான் எடுக்க முடியும், இரண்டுக்கும் பணம் இருக்கிறது என்றால் இரண்டாவதுதான். கூடுதலாகப் போடும் 9,000-க்கு 11,500 கிடைக்கிறது. அந்த 9,000-இன் வருவாய் ஏறக்குறைய 28 சதவீதம், 10-ஐவிட மிக அதிகம்.

எக்செல்லில் விடையைச் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிகர நிகழ்கால மதிப்புக்கான அதன் என்பிவி ஃபங்ஷன், நீங்கள் தரும் முதல் தொகை ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றே போடும் முதலீட்டையும் அதற்குள் சேர்த்தால் முழு விடையும் ஒரு கட்டம் கூடுதலாகக் கழிந்துவிடும். முதலீட்டை வெளியே தனியாகக் கழியுங்கள்.

படிக்கும் முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐம்பது கணக்கை ஒருமுறை போடுவதைவிட, ஒரே கணக்கை ஐந்து விதமாக மாற்றிப் போடுவது அதிகம் கற்றுத் தரும். உங்கள் கணக்கையே எடுங்கள். அதே ஐந்து தவணை, அதே 10 சதவீதம், ஆனால் முதல் தவணை இன்றே என்றால் 41,699 வர வேண்டும். பிறகு, முதல் தவணை இரண்டாம் ஆண்டு முடிவில், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். இப்போது ஒரு கட்டம் என்பது இரண்டாண்டு; அந்தக் கட்டத்துக்கான வட்டி 20 அல்ல, 21 சதவீதம். காரணி 2.926, விடை 29,260. இதைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு தவணையையும் தனித்தனியாகக் கழித்துக் கூட்டியும் பாருங்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும்.