ஆளுநருக்கு ஐந்து வருஷம் உறுதியா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறோம். ஆளுநரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்கிறது ஒரு கையேடு. குடியரசுத் தலைவர் விரும்பும் வரை என்கிறது இன்னொன்று. டீக்கடையில் சண்டையே வந்துவிட்டது. எந்த வட்டத்தைக் கறுப்பாக்குவது?

பதில்: கையேடு இரண்டுமே தப்பில்லை. ஆளுக்குப் பாதியைத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 156-வது பிரிவை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். முதல் உட்பிரிவு, குடியரசுத் தலைவர் விரும்பும் வரை ஆளுநர் பதவியில் இருப்பார் என்கிறது. இரண்டாவது ராஜினாமா பற்றியது. கடிதம் குடியரசுத் தலைவருக்குத்தான் போக வேண்டும், பிரதமருக்கோ முதல்வருக்கோ அல்ல. மூன்றாவதில்தான் ஐந்து ஆண்டு வருகிறது. அதுவும் 'மேலே சொன்னவற்றுக்கு உட்பட்டு' என்று தொடங்கித்தான் வருகிறது. கையேடு போடுகிறவர்கள் விழுங்கிவிடுவது இந்த மூன்று சொல்லைத்தான்.

உங்கள் பக்கத்து வாடகை வீடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மாத அக்ரிமென்ட் இருக்கும். 'ஓனர் கேட்டால் காலி செய்ய வேண்டும்' என்ற வரியும் அதிலேயே இருக்கும். 1980-ல் பிரபுதாஸ் பட்வாரி தமிழ்நாட்டு ஆளுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டது அப்படித்தான். 2004-ல் மத்தியில் ஆட்சி மாறியதும் உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியாணா, கோவா என நான்கு மாநில ஆளுநர்கள் ஒரே மூச்சில் நீக்கப்பட்டார்கள். குடியரசுத் தலைவரின் விருப்பம் என்பது நடைமுறையில் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைதான்.

அந்த நால்வர் விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. பி.பி. சிங்கால் வழக்கில் 2010-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது: காரணத்தை வெளியே சொல்லாமல் நீக்கலாம், ஆனால் காரணமே இல்லாமல் நீக்க முடியாது. மத்திய அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை, அரசுக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது என்பதெல்லாம் காரணமாகாது. நல்ல தீர்ப்புதான். ஆனால் போ என்று வாய்மொழியாகச் சொன்னாலே பாதிப் பேர் ராஜினாமா எழுதிவிடுகிறார்கள், அப்புறம் நீதிமன்றத்துக்கு யார் போவது?

சரி, ஐந்து ஆண்டு முடிந்த அன்றே மூட்டை கட்ட வேண்டுமா? அதுவும் இல்லை. அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை தொடரலாம் என்று அதே உட்பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். சுர்ஜித் சிங் பர்னாலா 2004 நவம்பரில் சென்னைக்கு வந்தவர், 2011 ஆகஸ்ட் வரை இருந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவருக்குப் பின் வந்த ரோசய்யா கச்சிதமாக ஐந்தை முடித்துக்கொண்டு 2016-ல் போனார்.

எத்தனை முறை ஆளுநராகலாம் என்ற வரம்பும் கிடையாது. பர்னாலாவே 1990-91லும் இங்கே ஆளுநராக இருந்தவர்தான். வயதில் கீழ் எல்லை 35. மேல் எல்லை இல்லை.

அப்புறம் ஒரு பொறி: 'சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஆளுநரை நீக்கலாம்' என்று ஒரு கூற்று கொடுப்பார்கள். தவறு. குடியரசுத் தலைவருக்கு 61-வது பிரிவில் பதவி நீக்க நடைமுறை உண்டு. ஆளுநருக்கு அப்படி ஒன்று இல்லை. கொண்டுவரலாம் என்று மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010-ல் பரிந்துரைத்ததோடு சரி.

இப்போது வட்டத்துக்கு வருவோம். 'பதவிக்காலம் எத்தனை ஆண்டு' என்று கேட்டால் ஐந்து. 'யார் விரும்பும் வரை' என்று கேட்டால் குடியரசுத் தலைவர். இரண்டையும் கூற்றாகக் கொடுத்து எது சரி என்றால், 'இரண்டும் சரி' என்பதைக் கறுப்பாக்குங்கள். டீ காசை நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.