பாகு இறுகுவதற்குள்

அன்புள்ள அக்கா,

பெங்களூரில் இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அப்பா போன பிறகு வீட்டைப் பாகம் வைத்ததில் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்று மூன்று வருடமாகிறது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் இருவரும் குடும்பத்தோடு அம்மாவிடம் போகிறோம். 24ஆம் தேதி ராத்திரி போய்ச் சேர்வோம், விடிகாலை ஆராதனை, மத்தியானம் பிரியாணி, 26 காலையில் கிளம்பிவிடுவோம். ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் இருப்பது கொடுமையாக இருக்கிறது. அம்மாவும் முன்பு போல் பலகாரம் சுடுவதில்லை, கடையில் வாங்கி வைத்துவிடுகிறார். இந்த வருடம் எல்லோரும் ஏதாவது ஓட்டலில் கூடிச் சாப்பிட்டால் போதாதா என்று மனைவி கேட்கிறாள். என் மகனோ, டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே இல்லையாமே, மரமும் கேக்கும் வெள்ளைக்காரனுடையதாமே என்கிறான். இதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள தம்பி,

மகனின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேதத்தில் தேதி இல்லை, உண்மைதான். ரோமில் 336ஆம் ஆண்டில் டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு நாளாக இருந்ததற்குக் குறிப்பு இருக்கிறது, ஆர்மீனிய சபையார் இன்றும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறார்கள். மரம் ஜெர்மானியரிடமிருந்து வந்தது. வந்தால் என்ன, பிள்ளை ஆசைப்பட்டால் வைக்கட்டும். ஓட்டலுக்கு ஜனவரியில் போய்க்கொள்ளுங்கள்.

என்னால் தாண்டிப் போக முடியாத வரி வேறு. "அம்மாவும் முன்பு போல் பலகாரம் சுடுவதில்லை." இதை எப்படித் தம்பி உங்களால் எழுத முடிந்தது? யாரை வைத்துக்கொண்டு சுடுவார்? நம் பக்கத்து முந்திரிக்கொத்து ஒற்றை ஆள் செய்கிற பலகாரமா? பாசிப்பயறை வறுத்து, உடைத்து, தொலி போகப் புடைத்து, திரித்து, தேங்காயும் எள்ளும் வறுத்துப் போட்டு, ஏலமும் சுக்கும் இடித்துச் சேர்த்து, அதுவரைக்கும் ஒருத்தி மூன்று நாள் இழுத்து இழுத்துச் செய்துவிடலாம். கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளறிய பிறகு முடியாது. கை பொறுக்கிற சூட்டிலேயே உருண்டை பிடித்தாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனையும் அந்தக் கால் மணி நேரத்தில் மாவு கிளறிய அகன்ற பாத்திரத்தை, அந்த வட்டகையைச் சுற்றி இருக்க வேண்டும். உங்கள் அம்மா கடையில் வாங்குவது முடியாமையால் இல்லை. கை இல்லாததால்.

எனக்குப் பத்து வயதிருக்கும். என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு, இரண்டு வருடம் பேச்சில்லை. கோயிலில்கூட ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். ஆச்சி சமாதானம் பேசவே இல்லை, சபை உபதேசியாரைக் கூட்டிவரவும் இல்லை. 22ஆம் தேதி ராத்திரி பாகு காய்ச்சிவிட்டு இரண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்பினாள், "மாவு கிளறப் போறேன், கை வேணும்" என்று. அவ்வளவுதான். சித்தப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். நாங்கள் பிள்ளைகள் நடுவில். யாரும் பேசவில்லை, சூட்டுக்குக் கையை ஊதுகிற சத்தம் மட்டும். அப்பா பிடித்த உருண்டைகள் எப்போதும் பெரிதாக இருக்கும். பாதி வட்டகை காலியானபோது சித்தப்பா நிமிர்ந்து, "அண்ணே, சின்னதாப் பிடி, பாகு இறுகுது" என்றார். அப்பா "ம்" என்றார், அடுத்த உருண்டையைச் சின்னதாகப் பிடித்தார். ஆச்சி அடுப்புப் பக்கம் திரும்பி, மஞ்சள் போட்டுக் கரைத்த பச்சரிசி மாவில் உருண்டைகளை முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கிணற்று வழக்கு அப்புறமும் நடந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆச்சி இருந்தவரை ஒரு வருடம்கூட அந்த வட்டகையைச் சுற்றி இரண்டு பேரில் ஒருவர் இல்லாமல் போனதில்லை.

நீங்கள் 24 ராத்திரி போய் இறங்குகிறீர்கள். அது விருந்தாளி வருகிற நேரம். நம் ஊர்களில் 25ஆம் தேதி என்ன இருக்கிறது? நாலு மணி ஆராதனைக்கு எழுந்த தூக்கம், பிரியாணி, பாயில் படுக்கை. வேலையே இல்லாத ஒரு நாளில் பேச்சில்லாத இரண்டு பேரை ஒரே கூரைக்குள் உட்கார வைத்தால் கொடுமையாகத்தான் இருக்கும். கையில் வேலை இருந்தால் பேசாமலிருப்பது அவ்வளவு உறுத்தாது, பேச வேண்டி வந்தால் பேசுவதற்கும் ஒரு சாக்கு இருக்கும்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு உங்கள் மனைவியை அடுக்களைக்கு அனுப்பினீர்களானால் நான் எழுதியது ஒரு வரியும் உங்களுக்கு எட்டவில்லை என்று அர்த்தம். உட்கார வேண்டியது நீங்களும் உங்கள் அண்ணனும். ஓட்டல் போதும் என்று அந்தப் பெண் சொல்வதில் அலுப்பு இருக்கிறது, அந்த அலுப்பில் நியாயமும் இருக்கிறது.

21ஆம் தேதியிலிருந்து விடுப்பு எடுங்கள். பயறை அம்மா வறுத்து வைக்கட்டும், திரிக்க நீங்கள் கொண்டுபோங்கள். கருப்பட்டி வாங்கிவர அண்ணனிடம் அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உடன்குடிக் கருப்பட்டிதானா, சீனி கலக்காததுதானா என்று பார்த்து வாங்க வேண்டும், அது மூத்தவர் செய்கிற வேலை. தட்டில் வைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க உங்கள் மகனை அனுப்புங்கள்.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா