தாங்கியை மாற்றுமுன் மூடியைத் திறந்து பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் கேம்பர் ட்ரெய்லரின் அடியில் 80 லீட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் வந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் நூலாகத்தான் ஒழுகுகிறது. காலையில் திறந்தால் மத்தியானமாகியும் முடிவதில்லை. தாங்கியையே மாற்றச் சொல்கிறார் கராஜ்காரர். மாற்றத்தான் வேண்டுமா?"

வேண்டாம். வெடிப்போ கசிவோ இல்லாத தாங்கியை இதற்காக மாற்றுவது வீண் செலவு. குறை அநேகமாக அதோடு சேர்ந்த குழாயிலோ வால்விலோதான் இருக்கும்.

முதலில், எவ்வளவு நேரம் எடுப்பது இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். ட்ரெய்லருக்கு அடியில் பொருத்தும் தாங்கிகள் தட்டையானவை. உள்ளே தண்ணீர் நிற்கும் உயரம் 25 சென்ரிமீற்றர் அளவுதான். அந்த உயரம் தருகிற அழுத்தத்தில்தான் தண்ணீர் வெளியே வர வேண்டும். அரை அங்குலக் குழாய் வழியே 80 லீட்டரும் வடிய ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும், அதனால் கடைசிப் பகுதி மெதுவாக வருவதைக் குறையாக எண்ண வேண்டாம். அரை நாள் என்பது இயல்பு இல்லை.

இப்போது வடிகுழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் நிரப்பும் மூடியையும் கழற்றுங்கள். உடனே வேகம் கூடினால், தாங்கிக்குள் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். டின்பால் டின்னில் ஒரு துளை மட்டும் போட்டால் பால் வராது, எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட வேண்டும். அதே கதைதான் இங்கும். அந்த இரண்டாவது துளையின் வேலையைச் செய்வது தாங்கியின் மேலிருந்து வரும் மெல்லிய எயார் குழாய். அதன் வெளிவாயைப் பாருங்கள். நம் ஊரில் குளவி மண் கூடு கட்டி அதை அடைத்துவிடுவது சாதாரணம். வாய் சுத்தமாக இருந்தால் குழாயை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது மடிந்திருக்கலாம். அல்லது நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். தாங்கியின் அழுத்தமே சொற்பம் என்பதால் 10 சென்ரிமீற்றர் தேக்கம்கூடக் காற்றை மறித்துவிடும். அப்போது தாங்கிக்குள் களகளவென்று சத்தம் கேட்கும். கிளிப் போட்டுக் குழாயை மேலே தூக்கிக் கட்டினால் சரி.

மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லையா? அப்போது அடைப்பு கீழே இருக்கிறது. ட்ரெய்லரை வடிகுழாய்ப் பக்கம் கொஞ்சம் சரித்துவிட்டு, வாளி வைத்து வால்வைக் கழற்றுங்கள். தண்ணீர் பாய்ந்து வந்தால் வால்வுதான் காரணம். சில மலிவான வால்வுகளின் உள்துளை குழாயைவிட மிகச் சிறியது. புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் புதிதாக வாங்கும்போது லீவரைத் திறந்து, மறுபக்கம் வெளிச்சம் முழுத்துளையாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வால்வைக் கழற்றியும் வரவில்லையென்றால் தாங்கியின் வாயிலேயே ஏதோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் அது தாங்கியில் துளை போட்டபோது உள்ளே விழுந்த சுருள் சுருளான பிளாஸ்டிக் சீவல். பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக் தண்ணீரில் மிதக்கும், ஆகவே மட்டம் இறங்கியபின்தான் வாய்க்கு வந்து அடைக்கும். முதலில் நன்றாக வந்து பாதியில் நூலாகிறதென்றால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும். மேல்மூடி திறந்திருக்க, தோட்டத்து ஹோஸைத் தண்ணீர் வடியும் வாயில் வைத்துக் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாகத் தண்ணீர் அடியுங்கள். பிறகு வால்வு இல்லாமலேயே வடியவிடுங்கள், குப்பை வெளியே வந்துவிடும். கொம்ப்ரெசர் காற்று மட்டும் வேண்டவே வேண்டாம், தாங்கியின் ஒட்டு பிரிந்துவிடும்.

யாழ்ப்பாணத் தண்ணீர் மேல் பழி போட அவசரப்படாதீர்கள். அங்கே சுண்ணாம்புப் பாறைக் கிணற்று நீர் கடினமானது, உண்மை. ஆனால் ஒரு பயணத்தில் குழாய் அடைபடும் அளவுக்குப் படியாது. அடிக்கடி அங்கே நிரப்புகிறீர்கள், வால்வில் வெள்ளைப் படிவும் தெரிகிறது என்றால், கழற்றிய வால்வை வினாகிரியில் ஓரிரு மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வினாகிரியையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

உள்சுவரில் வழுக்கும் படலம் படிந்திருந்தால் தாங்கியை நிரப்பி, வாசனை சேர்க்காத 5 வீத பிளீச்சை லீட்டருக்கு 1 மில்லிலீட்டர் கணக்கில், உங்கள் தாங்கிக்கு 80 மில்லிலீட்டர், ஊற்றுங்கள். 4 மணித்தியாலம் வைத்து வடியவிட்டு, வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

அப்புறம் எயார் குழாயின் வாயில் நுளம்பு நுழையாத துருப்பிடிக்காத வலை ஒன்றைக் கட்டிவிடுங்கள். குளவியும் வராது. கொழும்பில் டெங்கு இருக்கும்போது தேங்கிய தண்ணீரோடு ட்ரெய்லரை முற்றத்தில் விடக்கூடாது. வலையில் தூசி அடைந்தால் மறுபடி காற்று நின்றுவிடும், ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அதைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.